கடுக்காயும் கடல் கடந்த கடிதமும்

நுழைவாயில்

துணிக்குச் சாயம் ஏற்றிய தமிழகத் தொழிலாளர்களின் அறிவு, பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்தது. அக்கடிதம் எதைக் காத்தது, எதைக் காக்கத் தவறியது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாலராமபுரத்துத் தறிகள்

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்ததும் வருவது பாலராமபுரம். வெண்மையும் பொன்னிறக் கசவுக்கரையும் கொண்ட கைத்தறித் துணிக்குப் புகழ்பெற்ற ஊர் இது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் (1798-1810), தமிழ்ப்பகுதியிலிருந்து சாலியர் என்னும் நெசவாளர் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டு இங்குக் குடியமர்த்தப்பட்டன. ஊரும் அம்மன்னரின் பெயரையே பெற்றது.

அக்குடும்பங்கள் தம்முடன் கொண்டுவந்த பெருஞ்செல்வம் தொழிலறிவே ஆகும். நூலுக்கு எவ்வளவு கஞ்சி இட வேண்டும், பாவை எவ்வாறு விரிக்க வேண்டும், குழித்தறியில் கால் எப்போது மிதிக்க வேண்டும் என்பனவற்றை அவர்கள் ஏட்டைப் பார்த்துக் கற்கவில்லை. தந்தையின் கையைப் பார்த்து மகனும், தாயின் கையைப் பார்த்து மகளும் கற்றனர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை வந்தது. ஆயினும் தொழிலின் சொற்கள் எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. 'ஊடும் பாவும்' என்று தமிழரும் சொல்வர், மலையாளிகளும் சொல்வர். சாயத்தை அவர்கள் 'சாயம்' என்றே அழைக்கின்றனர். அச்சொல்லின் முதலெழுத்தைச் சற்று அழுத்தி ஒலிப்பது மட்டுமே வேறுபாடு. கடுக்காய் அவர்கள் மொழியில் 'கடுக்க' ஆகும்.

இச்சொற்களுள் சில ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்னரே பிரெஞ்சு மொழிக்கும் சென்றன என்பது வியப்பளிக்கும் செய்தி. அவற்றைச் சுமந்து சென்றது ஒரு கடிதம்.

ஐரோப்பா வியந்த துணி

பாலராமபுரத்துத் துணி வெண்மைக்குப் பெயர் பெற்றது. சோழமண்டலக் கடற்கரையின் துணியோ வண்ணத்துக்குப் பெயர் பெற்றது. பருத்தித் துணியில் எழுதுகோலால் பூவும் கொடியும் பறவையும் தீட்டிச் சாயம் ஏற்றுவது அங்கு வழங்கிய கலை. அத்தகைய துணி சீட்டித்துணி எனப்பட்டது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கப்பல் கப்பலாக அது ஐரோப்பாவுக்குச் சென்றது.

துவைக்கத் துவைக்க மங்காத அதன் நிறம் ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தியது. கம்பளிக்கும் பட்டுக்கும் சாயம் ஏற்ற அவர்கள் அறிந்திருந்தனர். பருத்தியிலோ அவர்கள் தீட்டிய நிறங்கள் நிலைத்து நிற்கவில்லை. இந்தியத் துணியின் மீது மக்கள் கொண்ட மோகத்தால் தம் நாட்டு நெசவாளர் நலிவுறுவதைக் கண்ட பிரெஞ்சு அரசு, 1686ஆம் ஆண்டில் அத்துணிக்குத் தடை விதித்தது. அதனை இறக்குமதி செய்வதும், அதைப்போல் நாட்டில் அச்சிடுவதும் குற்றமாயின. அத்தடை 1759ஆம் ஆண்டு வரை நீடித்தது. தடை இருந்தபோதும் ஆசை அடங்கவில்லை. அந்த நிறத்தின் மறைபொருள் யாது என்னும் கேள்வியும் ஓயவில்லை.

கேள்வி கேட்ட அறிவியலாளர்

அக்காலத்தில் பாரிசில் து ஃபே என்னும் அறிவியலாளர் வாழ்ந்தார். மின்னூட்டம் இருவகைப்படும் என்று 1733ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் இவரே. ஓரினம் ஒன்றையொன்று விலக்கும், வேற்றினம் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று இன்றைய அறிவியல் பாடம் கூறும் கருத்துக்கு அடித்தளம் இட்டவரும் அவரே. சாயத்தொழிலை ஆராயும் பொறுப்பையும் பிரெஞ்சு அரசு அவரிடம் ஒப்படைத்திருந்தது.

இந்தியத் துணியின் சாயமுறையை அறிய விரும்பிய து ஃபேக்காக, போலியு என்னும் கப்பல் அலுவலர் 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் ஓர் ஆய்வை மேற்கொண்டார். சாயத் தொழிலாளர் ஒருவர் தம் கண்ணெதிரே துணி தீட்டுமாறு அவர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் அத்துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். செய்முறையை எழுதி, அத்துண்டுகளையும் அதனுடன் சேர்த்தார். இவ்வாறு சேர்ந்தவை பதினொரு துண்டுகள். பாரிசில் உள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் அக்கையெழுத்துப்படி இன்றும் பாதுகாக்கப்படுகிறது. தமிழகத் தொழிலாளர் ஒருவரின் கைவண்ணம், படிப்படியாக அங்கே உறங்குகிறது எனலாம்.

கேர்தூ எழுதிய கடிதம்

போலியுவின் குறிப்பு அச்சேறாமல் கையெழுத்துப்படியாகவே இருந்தது. இம்முறையைப் பலரும் அறியச் செய்தது மற்றொருவர் எழுதிய கடிதம் ஆகும்.

கேர்தூ என்பவர் 1691ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பூர்ழ் நகரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. 1732ஆம் ஆண்டில் இந்தியா வந்த அவர், 1779ஆம் ஆண்டில் புதுச்சேரியில் மறையும் வரை தென்னிந்தியாவிலேயே வாழ்ந்தார். இந்திய மொழிகளைக் கற்றார். இயேசு சபையினர் உலகின் பல பகுதிகளிலிருந்து எழுதிய கடிதங்களைப் பாரிசில் து ஆல்த் என்பவர் தொகுத்து அச்சிட்டு வந்தார். அறிவியலுக்கும் தொழிலுக்கும் பயன்படும் செய்திகளை எழுதி அனுப்புமாறு அவர் கேர்தூவைக் கேட்டிருந்தார். அதற்கு விடையாகக் கேர்தூ 1742ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாளிட்டு எழுதிய கடிதம் முழுவதும் துணிக்குச் சாயம் ஏற்றும் முறையைப் பற்றியது.

கேர்தூ செய்தி திரட்டிய முறை கருதத்தக்கது. சாயத் தொழிலாளருள் சிலர் அவரால் கிறித்தவ சமயம் தழுவியவர்கள். அவர்மீது நம்பிக்கை கொண்டவர்கள். அவர் அவர்களைத் தனித்தனியே, வெவ்வேறு வேளைகளில் வினவினார். ஒருவர் கூறியதை மற்றொருவர் கூறியதோடு ஒப்பிட்டார். ஒரு சான்றை மற்றொரு சான்றால் சரிபார்ப்பது ஆய்வாளர்க்குரிய முறையாகும்.

கடிதம் கூறும் செய்முறை

கடிதத்தில் விளக்கப்பட்ட செய்முறையைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் துணி வெளுக்கப்படுகிறது. பின்னர், அரைத்த கடுக்காயை எருமைப்பாலில் கலந்து, அக்கலவையில் துணியை ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துகின்றனர். மரக்கட்டையால் அடித்து அதனை வழவழப்பாக்குகின்றனர். ஓவியம் வரைந்த தாளில் கோடுகளின் மேல் சிறு துளைகள் இட்டு, தாளைத் துணிமீது விரித்துக் கரித்தூளைத் தட்டினால் துணியில் புள்ளிக்கோலம் போல் ஓவியம் பதிகிறது.

அடுத்து, மூங்கில் எழுதுகோலால் கோடுகள் தீட்டப்படுகின்றன. கருநிறம் வேண்டிய இடத்தில், இரும்பை ஊறவைத்த புளித்த நீரால் எழுதுகின்றனர். செந்நிறம் வேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுதுகின்றனர். நீலம் வேண்டிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சிய பகுதி முழுவதும் உருக்கிய மெழுகைப் பூசுகின்றனர். பின் அவுரிச் சாயத்தொட்டியில் துணியை அமிழ்த்துகின்றனர். மெழுகு படிந்த இடத்தில் நீலம் ஏறுவதில்லை. வெந்நீரில் இட்டு மெழுகை நீக்கியபின், செந்நிறப் பகுதிகளுக்கு மீண்டும் படிகாரம் தீட்டி, சாயவேர் இட்ட நீரில் துணியைக் கொதிக்கவைக்கின்றனர்.

அப்போது துணி முழுவதும் செம்மை படர்கிறது. ஆட்டுச்சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, நீர் தெளித்துத் தெளித்து வெளுக்கும்போது, படிகாரம் படாத இடத்துச் செம்மை மறைகிறது. பட்ட இடத்துச் செம்மை நிலைக்கிறது. இறுதியில் மஞ்சள் தீட்டப்படுகிறது. நீலத்தின்மேல் மஞ்சள் ஏறினால் பச்சை பிறக்கிறது.

செய்முறைக்குள் இருக்கும் அறிவியல்

இச்செயல்கள் வெறும் பழக்கத்தால் விளைந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

பருத்தி இழை பல சாயங்களை நேரடியாக ஏற்பதில்லை. இழைக்கும் சாயத்துக்கும் இடையே நின்று இரண்டையும் பிணைக்கும் பொருள் ஒன்று தேவை. அதனை வேதியியலார் நிறமூன்றி என்பர். படிகாரத்தில் உள்ள அலுமினியம், சாயவேரின் நிறப்பொருளை இழையோடு பிணைத்துச் செந்நிறத்தை நிலைநிறுத்துகிறது. கடுக்காயில் உள்ள துவர்ப்புப்பொருள் இரும்போடு சேர்ந்து கருநிறத்தைத் தருகிறது. பாலில் உள்ள கொழுப்பு, எழுதிய நீர்மம் துணியில் பரவாமல் தடுக்கிறது. கோடு கோடாகவே நிற்கிறது. அவுரிக்கு நிறமூன்றி தேவையில்லை. அது பட்ட இடமெல்லாம் ஏறும். எனவேதான் அதற்கு மட்டும் மெழுகுக் காப்பு.

அலுமினியம் என்னும் தனிமத்தின் பெயரை அத்தொழிலாளர் அறியார். ஆயினும் அது செய்யும் வேலையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எது எதனோடு சேர்ந்தால் என்ன நிகழும் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துக் கண்ட அறிவு அது.

பிரெஞ்சு எழுத்தில் தமிழ்ச் சொற்கள்

கேர்தூவுக்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. கடுக்காய்க்கும் சாயவேருக்கும் தொழிலாளர் வழங்கிய பெயர்களே அவருக்குக் கைகொடுத்தன. எனவே, அத்தமிழ்ச் சொற்களை ஒலி மாறாமல் பிரெஞ்சு எழுத்தில் எழுதினார். பாரிசில் அக்கடிதத்தைப் படித்தவர்கள், பிரெஞ்சு வாக்கியத்தின் நடுவே தமிழை ஒலித்தனர். சாயம் என்பதும் வேர் என்பதும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள். ஆகவே, நெய்யாற்றின்கரைச் சிறுவர் ஒருவர் அப்பக்கத்தைக் கண்டால், பிரெஞ்சு அறியாவிடினும் அச்சொல்லை அடையாளம் கண்டுகொள்வார்.

கடிதம் அத்துடன் முடிந்துவிடவில்லை. பியேர் புவாவ்ர் என்னும் தாவரவியல் அறிஞர் அதனைச் சரிபார்த்துத் தம் திருத்தக் குறிப்புகளை எழுதினார். கேர்தூ அக்குறிப்புகளையும் பாரிசுக்கு அனுப்பினார். தம் எழுத்தில் பிறர் கண்ட குறையை மறைக்காமல் வெளியிட்டது அவர்தம் நேர்மைக்குச் சான்று.

எழுதப்படாத பெயர்கள்

இக்கடிதத்தில் எழுதியவரின் பெயர் உண்டு; பெறுநரின் பெயர் உண்டு; நாள் உண்டு. செய்முறையைச் சொல்லிக்கொடுத்த தொழிலாளர்களின் பெயர்கள் இல்லை. போலியுவுக்காகத் துணி தீட்டியவரின் பெயரும் நாம் அறிய எஞ்சவில்லை.

பெயர் அத்துணை இன்றியமையாததா? அறிவியல் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது. 1868ஆம் ஆண்டு ஆகத்து 18ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில், பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் முழுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் காணும் வழியைக் கண்டறிந்து, பாரிசு அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் லாக்கியர் என்பவரும் அதே வழியைத் தாமாகவே கண்டறிந்திருந்தார். அக்டோபர் மாதத்தில் ஒரே நாளில் இரு செய்திகளும் கழகத்தை அடைந்தன. எவரும் எவருக்கும் பிந்தியவர் அல்லர் என்று கொண்டு, இருவர் முகங்களும் பொறித்த பதக்கம் ஒன்றைப் பிரெஞ்சு அரசு வெளியிட்டது. கடிதத்தில் பெயரும் நாளும் இருந்தமையால் இருவருக்கும் உரிய பெருமை கிட்டியது. பெயர் எழுதப்படாத சாயத் தொழிலாளருக்குப் பதக்கம் தர எவராலும் இயலாது.

கேர்தூவும் இத்தகைய இழப்புக்கு ஆளானார். சமற்கிருதச் சொற்கள் இலத்தீன், கிரேக்கச் சொற்களை ஒத்திருப்பதைக் கண்டு, அவற்றின் உறவை விளக்கிப் பாரிசு அறிஞர்களுக்கு அவர் 1767ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வெழுத்து 1808ஆம் ஆண்டு வரை அச்சேறவில்லை. இதற்கிடையே 1786ஆம் ஆண்டில் வில்லியம் சோன்சு கொல்கத்தாவில் அதே கருத்தைக் கூறிப் புகழ் பெற்றார். எனினும், கேர்தூவின் கடிதம் பாதுகாக்கப்பட்டிருந்தது. ஆகவே, பிற்கால ஆய்வாளர்கள் அவருக்குரிய இடத்தை அவருக்கு மீட்டளிக்க முடிந்தது. ஆவணக்காப்பகத்தின் பயன் இதுவே. தாமதமான நீதிக்கும் அங்கே இடம் உண்டு.

காத்ததும் தவறியதும்

கேர்தூவின் கடிதத்தால் நன்மையும் விளைந்தது, இழப்பும் விளைந்தது. தொழிலாளர்களின் வாழ்வுக்கு ஆதாரமான மறைபொருள் அவர்களின் போட்டியாளர் நாட்டில் அச்சேறியது. அவர்களுக்கு அதனால் ஒரு பயனும் கிட்டவில்லை. 1868ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலாளர் இருவர், சாயவேரில் உள்ள செந்நிறப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினர். மலிவான செயற்கைச் சாயம் சந்தைக்கு வந்தது. சாயவேரின் தேவை குறைந்தது.

மறுபுறம், அக்காலத் தொழிலாளர் என்ன செய்தனர் என்று இன்று நாம் படிப்படியாக அறிய முடிவது அக்கடிதத்தாலும் அப்பதினொரு துண்டுகளாலும்தான். எழுதுகோலால் துணி தீட்டும் கலை தஞ்சைப் பகுதியின் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கருப்பூர்க் கலம்காரி புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

அறிவு வாய்மொழியாக வாழும். வாய்மொழி நின்றால் அறிவும் நின்றுவிடும். ஊர் மாறிய குடும்பங்களில் இவ்விழப்பு விரைவாக நிகழ்கிறது. பாட்டனார் நெய்தார், தந்தை கடை வைத்தார், பிள்ளை பள்ளிக்குச் செல்கிறான். மூன்றே தலைமுறையில் ஒரு தொழிலின் சொற்கள் மறைந்துவிடக்கூடும். அச்சொற்களைக் கேட்டு எழுதிவைக்கக் கடல் கடந்து ஒருவர் வர வேண்டியதில்லை. வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் போதும். அவ்வாறு எழுதும்போது, சொல்லிக்கொடுத்தவரின் பெயரை முதல் வரியில் எழுதுவது முறையாகும்.

அருஞ்சொற்பொருள்

பாவு – தறியில் நீளவாக்கில் அமையும் நூல்
ஊடு – பாவுக்குக் குறுக்கே செல்லும் நூல்
கசவு – பொன்னிறச் சரிகை
அவுரி – நீலச்சாயம் தரும் செடி
சாயவேர் – செந்நிறம் தரும் செடியின் வேர்
நிறமூன்றி – சாயத்தை இழையோடு பிணைக்கும் பொருள்
ஆவணக்காப்பகம் – பழைய எழுத்துச் சான்றுகளைப் பாதுகாக்கும் இடம்

பயிற்சிகள்

அ. ஓரிரு சொற்களில் விடை தருக.
1. கேர்தூ சாயமுறை பற்றிய கடிதத்தை எழுதிய நாள் யாது?
2. நீலச்சாயம் ஏறாமல் தடுக்கத் துணியில் பூசப்பட்ட பொருள் எது?
3. போலியு சேர்த்துவைத்த துணித் துண்டுகள் எத்தனை?

ஆ. ஓரிரு வாக்கியங்களில் விடை தருக.
1. கடுக்காயோடு பால் கலந்தது ஏன்?
2. கேர்தூ தொழிலாளர்களைத் தனித்தனியே வினவியதன் பயன் யாது?
3. கேர்தூ தமிழ்ச் சொற்களைத் தம் கடிதத்தில் அவ்வாறே எழுதியது ஏன்?

இ. விரிவாக விடை தருக.
1. 'கேர்தூவின் கடிதத்தால் நன்மையும் விளைந்தது, இழப்பும் விளைந்தது.' பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஈ. கலந்துரையாடுக.
1. தொழில் மறைபொருளைக் கேர்தூவிடம் கூறிய தொழிலாளர் செய்தது சரியா? இரு தரப்பாகப் பிரிந்து பேசுக.

உ. செயல்திட்டம்.
வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் அறிந்த தொழில் ஒன்றைப் பற்றிக் கேட்டறிக. அத்தொழிலின் பத்துச் சொற்களைத் தமிழில் எழுதுக. மலையாளத்திலும் வழங்கும் சொற்களுக்கு அடியில் கோடிடுக. பக்கத்தின் தலைப்பில், கூறியவரின் பெயரையும் ஊரையும் நாளையும் மறவாமல் குறிப்பிடுக.